கை தட்டும்வரை

மிஸ்ஸை நான் முதன்முதல் கண்டபோது அவர் என்னை டொக்டர் என்றார். நான் பைப் வேலை செய்கிறவன். கையில் ஸ்பானர் இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்று. அதில் ஒரு வீட்டின் கராஜுக்கு மேலே அந்த அறை. மேலே குழாய் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டு ஐயா ஆள் அனுப்பியிருந்தார். போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் நீள வாங்கில் மல்லாந்து கிடந்தார். தொப்பி நெஞ்சில் இருந்தது. மற்றவர்கள் சுற்றி நின்று இங்கிலீஷில் அழுதார்கள்.

நடுவில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"டொக்டர் வந்துவிட்டார்!" என்றார்.

அதுவும் இங்கிலீஷில்தான். அப்போது அந்த அறையில் நடந்த பேச்சு முழுக்க இங்கிலீஷ். எனக்கு எழுத வருவது தமிழ். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

எல்லாரும் வழி விட்டார்கள். ஒழுகிய குழாய் நானாவின் தலைமாட்டில் இருந்தது. அங்கே போய் நின்றேன்.

"டொக்டர், இவருக்கு என்ன?"

எனக்குப் பேசத் தெரிந்த இங்கிலீஷ் வேலைச் சொற்கள் மட்டும். குழாயைப் பார்த்தேன். சொன்னேன்.

"வாஷர் கோன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸ் பாரமாகத் தலையை ஆட்டினார். "ஓம், வாஷர் போய்விட்டது. பிறகு?"

"நியூ வாஷர். டைட். ஓகே."

நானா ஒரு கண்ணைத் திறந்தார். "டொக்டர், எனக்கு ஐந்து பிள்ளைகள். மெல்ல டைட் பண்ணுங்கள்."

மிஸ் ஒருமுறை கை தட்டினார். நானா எழும்பித் தொப்பியைப் போட்டார். அழுதவர்கள் கதிரைகளில் இருந்துகொண்டு வெற்றிலை, விலைவாசி என்று தமிழில் கதைக்கத் தொடங்கினார்கள். நான் குழாயைத் திருத்தினேன்.

போகும்போது மிஸ் வாசலுக்கு வந்தார். "அண்ணன், வியாழக்கிழமையும் வருவீங்களோ?"

"குழாய் இனி ஒழுகாது மிஸ்."

"ஓம். இங்கிலீஷ் வகுப்புக்கு வாங்கோ."

எனக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது. அந்தக் காலம் கொழும்பில் பெரிய ஹோட்டல்கள் எழும்பின. பம்ப் அறைகளுக்கு ஆள் எடுத்தார்கள். மாதச் சம்பளம், சீருடை, நிரந்தர வேலை. நான் கொட்டாஞ்சேனையில் நாள் வேலைக்காரன். மழைக்காலத்தில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். இரண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். இரண்டிலும் உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நான் நின்றேன். தமிழில் கேட்டிருந்தாலும் நின்றிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். வகுப்பிலும் நின்றதுதான் அதிகம்.

வியாழக்கிழமை போனேன். மிஸ் எங்களை அண்ணன், அக்கா, நானா என்பார். நாங்கள் அவரை மிஸ் என்போம். மிஸ்ஸிடம் புத்தகம் இல்லை. கரும்பலகை ஒன்று இருந்தது. அதில் ஒருநாளும் எழுதவில்லை. அது பாஸ்போர்ட் கந்தோர்க் கதவாகும். கப்பலின் பாயாகும். ஒருநாள் நானாவின் மாமியாராக நின்றது.

சட்டம் இரண்டு. முதலாவது, இல்லை என்று சொல்லக்கூடாது. எதிரில் நிற்கிற ஆள் நீ ராசா என்றால் நீ ராசா. அதை வாங்கி, அதற்கு மேல் ஒன்று வைக்கவேண்டும். இரண்டாவது, மிஸ் கை தட்டும்வரை ஒன்றும் முடியவில்லை.

இதெல்லாம் எங்கே படித்தது என்று கேட்டேன். சொன்னார். வெள்ளைக்காரன் போகும்போது இங்கிலீஷையும் கொண்டுபோய்விட்டான், புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனான் என்றார். மிஸ் படித்த காலத்தில் நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் 'இது பேனா' என்று கத்துவார்களாம். பேனா வேண்டுமென்றால் தமிழில்தான் கேட்பார்களாம். பிறகு டேப் றெக்கோடர் வந்தது. அது சொல்லும், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். அது பழுதானால் இங்கிலீஷும் நிற்கும். ரீச்சர்மார் கல்லூரிக்குக் கடல் கடந்து ஒரு அம்மா வந்தாராம். கதிரைகளைச் சுவரோடு தள்ளுங்கள், எழும்பி நின்று வேறு ஆளாகுங்கள் என்றாராம். இரண்டு கிழமை நடந்தது. எல்லா ரீச்சர்மாரும் சிரித்துவிட்டுப் பழையபடி பேனாவுக்குப் போனார்கள். மிஸ் மட்டும் திரும்பிப் போகவில்லை.

வகுப்புக்கு வெளியிலும் மிஸ் அப்படித்தான். இல்லை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

ஒருநாள் கீழ்வீட்டு ஐயா படியேறி வந்தார். வகுப்புச் சத்தத்தில் அவருக்கு நித்திரை இல்லை.

"பிள்ளை, நீங்கள் குதிக்கிற குதியில என்ர கூரை விழப்போகுது."

"ஓம் ஐயா. எப்ப விழும்?"

ஐயா இதை எதிர்பார்க்கவில்லை. "எப்ப எண்டால்... மாரிக்கு விழும்."

"ஓம். பிறகு? எந்தப் பக்கம் முதல் விழும்?"

"சமையலறைப் பக்கம்தான். அங்க கூரை வளைமரம் உக்கிப்போச்சு."

"அப்ப உங்கட கட்டிலை இப்பவே மற்றப் பக்கம் போடவேணும். அண்ணன், நானா, வாங்கோ."

நாங்கள் இறங்கிப்போய்க் கட்டிலைத் தூக்கி மாற்றினோம். அடுத்த கிழமை ஐயா ஆள் பிடித்து வளையை மாற்றினார். சத்தத்தைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

கலியாணத் தரகர் ஒருவரும் வந்தார். மாப்பிள்ளை லண்டனில் என்றார். "ஓம். பிறகு?" சொந்த வீடு. "ஓம். பிறகு?" இரண்டு வீடு. "பிறகு?" மிஸ் உண்மையான ஆசையோடு கேட்பார். அதுதான் வில்லங்கம். தரகரால் நிற்பாட்ட முடியவில்லை. மாப்பிள்ளைக்கு நாலு வீடும் ஒரு குதிரையும் ஆனபிறகு தரகருக்கு வேர்த்தது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போனார். வரவில்லை.

மிஸ் முன்னம் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அந்தக் கதையை அங்கே கூடப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் எனக்குச் சொன்னார். அவர் வீட்டிலும் குழாய் ஒழுகியது.

ஒருநாள் கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தாராம். மிஸ்ஸின் வகுப்பில் மேசைகள் கவிழ்ந்து கிடந்தன. அவை வள்ளங்கள். பிள்ளைகள் ஏறி இருந்தார்கள். வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் கடலுக்குள் நின்றார். அவருக்கு அது தெரியாது. ஒரு சின்னப் பிள்ளை, வருடம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை, ஸ்கிப்பிங் கயிற்றை அவர் பக்கம் எறிந்தது. "சேர், கயிற்றைப் பிடியுங்கள், செத்துப்போவீர்கள்!" என்று இங்கிலீஷில் கத்தியது.

இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கொப்பியைக் கேட்டார். கொப்பி வெறுமையாக இருந்தது. 'மேசைகள் கவிழ்ந்திருந்தன, பாடம் நடக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். மிஸ்ஸைத் தூரத்துக்கு மாற்றினார்கள். மிஸ் வேலையை விட்டார்.

நான் மிஸ்ஸிடம் கேட்டேன். "கவலையா இருந்ததா?"

"ஓம். அந்த மனுசன் பாவம். கடைசிவரைக்கும் கடலுக்குள்ளயே நிண்டவர்."

மிஸ்ஸால் வந்த தொல்லையும் உண்டு. அதையும் சொல்லவேண்டும்.

அன்றைக்கு வகுப்பில் களவு. நானா கள்ளன். நேர்ஸ் அக்கா ஒருவர் பொருளைப் பறிகொடுத்தவர். அக்காவுக்கு ஆசுபத்திரியில் வாட்டு முழுக்கக் கேட்கக் கத்திப் பழக்கம். கள்ளன், கள்ளன் என்று இங்கிலீஷில் கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். கொன்ஸ்டபிள் ஒருவர் படியேறி வந்தார். சிங்களவர். வயதானவர். மூச்சு வாங்கியது.

"கள்ளன் யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நானா எழும்பினார். கையை நீட்டினார். "நான்தான் சேர். நான்தான் எடுத்தேன்," என்றார் இங்கிலீஷில்.

மிஸ்ஸைப் பார்த்தோம். அவர் கண்கள் பளபளத்தன. உண்மையான பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கை தட்ட மறந்துபோனார்.

கொன்ஸ்டபிள் நானாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினார். நானா போனார். ஒழுங்கையால் நடந்து காலி வீதிக்குப் போனார்கள். நாங்கள் பின்னால் ஓடினோம். வழியெல்லாம் நானா களவை விவரித்தார். அவர் எடுத்த தங்கச் சங்கிலி அங்கே போக மூன்று சங்கிலி ஆகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்ற சனம் பார்த்தது. புறக்கோட்டையில் இருபது வருடம் கடை வைத்த மனிதர். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சலாம் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்கள்.

ஸ்டேசன் வாசலில்தான் மிஸ்ஸுக்கு நினைவு வந்தது. தட்டினார்.

நானா சட்டென்று நின்றார். கையை உதறினார். "மாத்தயா, நான் கள்ளனில்ல. எனக்கு ஐந்து புள்ள," என்றார்.

கொன்ஸ்டபிளுக்கு விளக்க முக்கால் மணித்தியாலம் போனது. சிங்களத்தில் விளக்கியவரும் நானாதான். வெளியே வந்ததும் மிஸ் மன்னிப்புக் கேட்டார். நானா கையை ஆட்டினார்.

"பரவால்ல மிஸ். ஸ்டேசன் வரைக்கும் ஒரு தமிழ் சொல்லாவது நான் கதச்சேனா? அத சொல்லுங்க."

ஒன்றரை வருடம் போனேன். அதிகம் பேசவில்லை. எனக்குப் பெரும்பாலும் வாயில்காவலன், பிணம் போன்ற வேலைகள் தருவார். ஆனால் கைதட்டு என் உடம்பில் ஏறியிருந்தது. தட்டினால் நிற்பேன். தட்டாவிட்டால் நிற்கமாட்டேன்.

மூன்றாவது இன்டர்வியூ வந்தது. கடலோரப் பெரிய ஹோட்டல். வெளியே வாங்கில் இரண்டு பேர் இருந்தோம். நான் பம்ப் அறைக்கு. மற்றவர் ஹெந்தளைக்காரர், தோட்டத்துக்கு. சிங்களவர். என்னைவிட மூத்தவர். அண்ணன் என்ற அர்த்தத்தில் அய்யே என்றேன். மல்லி என்றார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். மனேஜர் வெள்ளைக்காரர். மேசையில் இருந்த பைலை விரித்தார்.

"பன்னிரண்டு வருடம் தோட்டம் பார்த்திருக்கிறாய்," என்றார்.

பைல் மாறிவிட்டது என்று எனக்கு விளங்கியது. நான் வாழ்நாளில் ஒரு ரோசாச் செடி வைத்ததில்லை. பம்ப் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"யெஸ் சேர்."

மிஸ்ஸின் சட்டப்படி அவர் சொன்னது உண்மை. மேலே ஒன்று வைக்கவேண்டும். தோட்டம் என்றால் தண்ணீர் என்றேன். தண்ணீருக்கு அவசரம் ஆகாது என்றேன். பிரஷர் கூடினால் வேர் கிளம்பும், குறைந்தால் தூரத்துச் செடி சாகும் என்றேன். கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், அப்போது இலையும் சோரும் என்றேன். எல்லாம் பைப் விஷயம். நடுவில் இலை, பூ என்று போட்டேன். என் மனைவியிடம் நான் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. முடித்துவிட்டு நின்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. வெளியே வந்தேன்.

ஹெந்தளை அய்யே உள்ளே போனார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். என் பைல் அவருக்குப் போயிருந்தது.

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. எனக்குத் தோட்டம், பச்சைச் சட்டை. அவருக்குப் பம்ப் அறை, காக்கிச் சட்டை. ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம்.

முதல் நாள் காலை பம்ப் அறைக்குப் போனேன். அய்யே மோட்டருக்கு முன்னால் கோயிலில் நிற்பதுபோல் நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் என் கையிலிருந்த கத்தரியை வாங்கினார். "ஹரி மல்லி, ஹரி," என்றார். சரி தம்பி என்று அர்த்தம். ஒப்பந்தம் அவ்வளவுதான். காலையில் காக்கிச் சட்டை பூ வெட்டும். பச்சைச் சட்டை பம்ப் திருத்தும். மனேஜர் பத்து மணிக்குச் சுற்றி வருவார். ஒன்பதே முக்காலுக்கு இடம் மாறுவோம்.

ஐந்து மாதம் அப்படி. வேலையில் குறை இல்லை. ஆனால் மனேஜர் காலையில் 'தோட்டக்காரரே' என்று மரியாதையாகக் கூப்பிடும்போது எனக்குச் சாப்பாடு இறங்காது. மிஸ்ஸிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"ஓம் அண்ணன். பிறகு?"

"பிறகு ஒண்டுமில்ல மிஸ். வகுப்பில ஒரு மணித்தியாலம் நடிக்கலாம். ஐஞ்சு மாதம் நடிக்க ஏலாது. நீங்க கை தட்டுங்க. தட்டினா நான் போய் உள்ளதச் சொல்லிருவன்."

"வேலை போனால்?"

"போகட்டும்."

மிஸ் யோசித்தார். "இஞ்ச தட்டி என்ன பிரயோசனம்? நாடகம் அங்கயெல்லோ நடக்குது. நான் அங்க வாறன்."

நாட்கள் போயின. மிஸ் வரவில்லை. நிரந்தரக் கடிதம் அடுத்த திங்கள் கொடுப்பார்கள் என்று கதை வந்தது. திங்களுக்குப் பிறகு மிஸ் வந்தால் நல்லது என்று நினைத்தேன். அது கள்ள நினைப்பு என்றும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். நீலச் சேலை. பக்கத்தில் நானா, வெள்ளை கோட். இரத்தினக்கல் வியாபாரிபோல் நடந்தார். மனேஜர் அவர்களுக்குத் தோட்டம் காட்டிக்கொண்டு வந்தார். நான் ஹோஸ் பிடித்து நின்றேன். மிஸ் என்னைத் தெரியாதவர்போல் பார்த்தார்.

"தோட்டக்காரரே, இது என்ன பூ?"

எனக்குத் தெரியாது. ஹெந்தளை அய்யே பம்ப் அறை ஜன்னலால் கையைக் காட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. மனேஜர் என் வாயைப் பார்த்தார்.

"மேடம், இதற்கு மூன்று பெயர்," என்றேன். "தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், இங்கிலீஷ்ப் பெயர். இங்கிலீஷ்ப் பெயர் இதற்குப் பிடிக்காது."

"ஓம். பிறகு?"

"பின்னேரத்தில் கோபம் வரும். அப்போது கிட்டப் போகக்கூடாது. கீழே மெல்லத் தண்ணீர் விடவேண்டும். ஒன்றும் கதைக்கக்கூடாது. பிறகு தானாகச் சரிவரும்."

"இதை எங்கே படித்தீர்கள்?"

"வீட்டில் மேடம். என் மனைவியிடம்."

மனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை தட்டினார். ஒரு தட்டு.

என் உடம்பு நின்றது. ஹோசைக் கீழே வைத்தேன்.

"சேர், நான் தோட்டக்காரன் இல்லை. பைப்காரன்."

இங்கிலீஷில் நான் சொன்ன முதல் இல்லை அதுதான்.

மனேஜரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. நானா கோட்டுக்குள்ளிருந்து தமிழில் சீறினார். "மனிசா, மிஸ் தட்டல்லயே! தொரதானே தட்டின!"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. மிஸ்ஸின் கைகள் கைப்பையில் இருந்தன. ஆனால் சொன்னது சொன்னதுதான். மிஸ் என்னையே பார்த்தார்.

"ஓம்," என்றார். "பிறகு?"

சொன்னேன். பைல், பச்சைச் சட்டை, காக்கிச் சட்டை, ஒன்பதே முக்கால். ஒன்றும் விடவில்லை. ஹோஸ் ஓடியபடி கிடந்தது. மனேஜரின் சப்பாத்து நனைந்தது. அவர் நகரவில்லை.

அய்யேயைக் கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டைப் பையில் ரோசாக் கத்தரி துருத்திக்கொண்டு வந்தார்.

"நீ தோட்டக்காரனா?" என்று மனேஜர் இங்கிலீஷில் கேட்டார். அய்யே தலையாட்டினார்.

"பம்ப் பார்க்கிறவனா?" தலையாட்டினார்.

"மனேஜரா?" அதற்கும் ஆட்டினார்.

மனேஜர் தோட்டத்தைப் பார்த்தார். பம்ப் சத்தத்தைக் கேட்டார். இரண்டும் நன்றாக இருந்தன. நனைந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"சட்டையை மாற்றுங்கள்," என்றார்.

பம்ப் அறைக்குப் பின்னால் போய் மாற்றினோம். அய்யேயின் காக்கி எனக்குக் கட்டை. திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. பெயருக்கு நேரே சரியான வேலை இருந்தது. இருபத்தொரு வருடம் அந்தப் பம்ப் அறையில் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஹோட்டல் வாசலில் மிஸ்ஸிடம் கேட்டேன். "ஏன் மிஸ் தட்டேல்ல?"

"தட்டத்தான் அண்ணன் வந்தனான். நீங்க நல்லாக் கதைச்சுக்கொண்டு நிண்டீங்கள். எப்பிடித் தட்டுறது?"

பிறகு அந்த வகுப்பு நின்றது. கராஜுக்கு மேல் வேறு ஆட்கள் வந்தார்கள். மிஸ் லண்டன் போனார் என்றார் நானா. மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்றார் நேர்ஸ் அக்கா. நான் விசாரித்தேன். சரியாக ஒருவருக்கும் தெரியாது. என் தோட்டக்கார நாடகத்துக்கு அவர் கடைசிவரை கை தட்டவில்லை.

சில வருடம் கழித்து என் சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் புது இங்கிலீஷ்ப் புத்தகம் கொடுத்தார்கள். நடித்துக் கதைக்கிற பாடம் என்றாள். எனக்குச் சந்தோஷம். வாங்கிப் பார்த்தேன். டொக்டரும் நோயாளியும். டொக்டர் சொல்லவேண்டியது, நோயாளி சொல்லவேண்டியது, எல்லாம் அச்சடித்திருந்தது. மகள் அதைப் பார்த்து வாசித்தாள். பிழையில்லாமல் வாசித்தாள்.

"டொக்டர் வராம பைப்காரன் வந்தா?" என்று கேட்டேன்.

"அப்பா, புத்தகத்தில அப்படி இல்லையே."

"ஓம்," என்றேன். "பிறகு?"